நிறமே முகவரி, நிறமே சேதி: நுண்துளை சிலிக்கான் துகள்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுருக்கமாகச் சொன்னால், இந்தத் துகள் என்ன?

தலைமுடியின் தடிமனோ அதைவிடச் சற்றுக் கூடுதலோ அகலமுள்ள சிலிக்கான் சில்லு. அதன் உடம்பு முழுக்க நானோமீட்டர் அளவில் துளைகள். ஓர் அடுக்கில் துளை அதிகம், அடுத்த அடுக்கில் குறைவு, மறுபடி அதிகம் என்று சீராக மாறிக்கொண்டே போகும். வெள்ளை ஒளி பட்டால் ஒரே ஒரு நிறத்தை மட்டும் பளிச்சென்று திருப்பி அனுப்பும். எந்த நிறம் என்பதைச் செய்யும்போதே நாம் முடிவு செய்துவிடலாம். அதுதான் துகளின் அடையாளம். துளைக்குள் ஒரு வாயுவோ புரதமோ புகுந்தால் நிறம் கொஞ்சம் நகரும். அதுதான் துகள் தரும் சேதி.

அடையாளமும் சேதியும் ஒரே நிறத்தில் ஏறியிருப்பது வசதிதான், ஆனால் சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. அதற்குக் கீழே தனிக் கேள்வி உண்டு.

சாயம் கலக்கிறார்களா?

ஒரு துளிகூட இல்லை. அமைப்பினால் வரும் நிறம் இது. மயில் தோகையின் நீலமும் பச்சையும் வருவது இதே வழியில்தான். சாயம் வெளுக்கும், அமைப்பு குலையாதவரை இந்த நிறம் வெளுக்காது.

ஓர் இடைச்செருகல். அடுக்கடுக்கான பொருள் ஒற்றை நிறத்தைத் திருப்பி அனுப்புவது பழைய புதிர். தீக்குச்சி மருந்தில் சேர்க்கும் பொட்டாசியம் குளோரேட்டின் படிகங்கள் சில, மிகத் தூய ஒற்றை நிறத்தில் மின்னுவதை 1885இல் இயற்பியலாளர் ஸ்டோக்ஸ் எழுதி வைத்தார். படிகத்துக்குள் சம இடைவெளியில் அமைந்த அடுக்குகளே காரணம் என்று 1888இல் இன்னோர் இயற்பியலாளர் ரேலி விளக்கினார். 1950களில் பெங்களூரில் நம் திருச்சிக்காரர் சி. வி. ராமன் அதே படிகங்களை எடுத்து விரிவாக ஆராய்ந்தார். இயற்கை தற்செயலாகச் செய்ததை, கணக்குப் போட்டுச் செய்துகொள்ளும் வழி பிறகுதான் கிடைத்தது.

நிறம் எப்படி முடிவாகிறது? கணக்கு உண்டா?

உண்டு, பள்ளிக் கணக்குதான். திரும்பி வரும் ஒளியின் அலைநீளம் = 2 × சராசரி ஒளிவிலகல் எண் × ஒரு சுற்று அடுக்கின் தடிமன். ஒளிவிலகல் எண் என்பது ஒரு பொருளுக்குள் ஒளி எத்தனை மடங்கு மெதுவாகப் போகிறது என்பதைச் சொல்லும் எண். துளை அதிகமுள்ள அடுக்கும் குறைவான அடுக்கும் சேர்ந்தது ஒரு சுற்று.

சராசரி ஒளிவிலகல் எண் 1.5, ஒரு சுற்றின் தடிமன் 200 நானோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 2 × 1.5 × 200 = 600 நானோமீட்டர், அதாவது ஆரஞ்சு. துளைக்குள் கொஞ்சம் ஆவி புகுந்து, சராசரி எண் 1.52 ஆகிறது. தடிமன் மாறவில்லை. இப்போது 608 நானோமீட்டர். கண்ணுக்கு இந்த 8 நானோமீட்டர் புலப்படாமல் போகலாம். ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து அளக்கும் ஒரு சாதாரண நிறமாலைமானிக்கு அது பெரிய தூரம்.

இப்படி 50 சுற்றுகள் சேர்ந்தால் மொத்தத் தடிமன் 10 மைக்ரோமீட்டர். சுற்றுகள் கூடக்கூடத் திரும்பும் நிறத்தின் பட்டை ஒடுங்கிக்கொண்டே வரும். திரும்பும் ஒளியை வரைபடமாகப் போட்டால் அந்த நிறம் ஓர் உச்சியாக எழும். நல்ல படலத்தில் உச்சியின் அகலம் பத்துப் பதினைந்து நானோமீட்டருக்குள் அடங்கிவிடும். ஒளிரும் கரிமச் சாயங்களின் பட்டை இதைவிடப் பல மடங்கு அகலம்.

எப்படிச் செய்கிறார்கள்?

கணினிச் சில்லுக்குப் பயன்படும் அதே சிலிக்கான் வேஃபர்தான் (மெல்லிய வட்டத் தகடு) மூலப்பொருள். போரான் அதிகம் கலந்து மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் வகையாகப் பார்த்து எடுப்பார்கள். அதை டெஃப்ளான் கலத்தின் அடியில் வைத்து, மேலே ஹைட்ரோஃபுளோரிக் அமிலமும் எத்தனாலும் கலந்த திரவத்தை ஊற்றுவார்கள். 48 சதவீத அமிலம் மூன்று பங்குக்கு எத்தனால் ஒரு பங்கு என்பது பரவலாகப் புழங்கும் கலவை. எத்தனால் எதற்கு? வினையில் ஹைட்ரஜன் குமிழிகள் கிளம்பும். அவை பரப்பில் ஒட்டிக்கொண்டால் அந்த இடத்தில் அரிப்பு சீராக நடக்காது. எத்தனால் குமிழியை எளிதில் விடுவிக்கும், திரவத்தைத் துளைக்குள்ளும் கொண்டுபோகும். மேலே பிளாட்டினம் மின்வாய், கீழே வேஃபர் நேர்மின்வாய். இணைத்து மின்னோட்டம் பாய்ச்சினால் சிலிக்கான் அரிக்கத் தொடங்கும்.

இந்த முறையின் சூட்சுமம் ஒன்று உண்டு. அரிப்பு துளையின் நுனியில் மட்டும்தான் நடக்கிறது. ஏற்கெனவே துளைபட்ட சுவர்களில் மின்சுமை கடத்திகள் தீர்ந்துபோவதால், அவற்றை அமிலம் பிறகு பெரிதாகத் தொடுவதில்லை. மின்னோட்டத்தைக் கூட்டினால் அந்த நொடியில் உருவாகும் அடுக்கில் துளை பெரிது, குறைத்தால் சிறிது. ஆக, நேரத்தில் நாம் மின்னோட்டத்தை எப்படி ஏற்றி இறக்கினோமோ, அது அப்படியே ஆழத்தில் பதிவாகிவிடுகிறது. கணினியில் ஒரு சைன் அலையை எழுதி மின்மூலத்துக்கு அனுப்பினால், சிலிக்கானுக்குள் அதே சைன் அலை ஒளிவிலகல் எண்ணாக உட்கார்ந்துகொள்ளும். ஓர் அலைக்குச் சில விநாடிகள் முதல் பத்துப் பதினைந்து விநாடிகள் வரை ஆகும். ஐம்பது அலைகளுக்குப் பத்து நிமிடத்தை ஒட்டிய வேலை.

பிறகு அமிலச் செறிவைக் குறைத்து ஒரு மின்துடிப்பு கொடுத்தால், துளைப் படலம் அடியோடு பெயர்ந்து மேலே வரும். அதை எத்தனாலில் போட்டு மீயொலித் தொட்டியில் வைத்தால் நொறுங்கித் துகளாகும். ஒரு சதுர சென்டிமீட்டர் படலம் 50 மைக்ரோமீட்டர் துண்டுகளாக உடைந்தால் ஏறத்தாழ 40,000 துகள். அத்தனையும் ஒரே படலத்தில் பிறந்தவை, ஆகவே அத்தனைக்கும் ஒரே குறியீடு. ஒவ்வொன்றாக அச்சடிக்க வேண்டிய வேலையே இல்லை.

இதை யார் கண்டுபிடித்தார்கள்?

நுண்துளை சிலிக்கான் தற்செயலாகக் கிடைத்தது. 1956இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஆர்தர் உலிர், இங்கெபோர்க் உலிர் தம்பதியர் சிலிக்கானை மின்வேதி முறையில் மெருகேற்றப் பார்த்தபோது, மெருகுக்குப் பதிலாக நிறமேறிய படலம் ஒன்று வந்து நின்றது. வெகுகாலம் அது யாருக்கும் பெரிதாகப் படவில்லை. 1990இல் இங்கிலாந்தில் லீ கான்ஹம், இந்தத் துளைச் சிலிக்கான் அறை வெப்பநிலையிலேயே சிவப்பாக ஒளிர்வதைக் காட்டினார். அதன்பின் உலகமே திரும்பிப் பார்த்தது.

உணரியாக மாற்றியதில் பெரும்பங்கு சான் டியேகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் மைக்கேல் சைலர் குழுவுக்கு உரியது. 1997இல் ரேசா காதிரி குழுவுடன் சேர்ந்து ஒற்றை அடுக்குப் படலத்தில் உயிர்மூலக்கூறுகளை உணரும் முறையை வெளியிட்டார்கள். 2002இல் குறியீடு ஏற்றிய துகள்கள் வந்தன. அதில் பிரெடெரிக் கூனின், தாமஸ் ஷ்மெடாக், ஜேமி லிங்க், சங்கீதா பாட்டியா போன்றோர் கூட்டு. இந்தப் பக்கத்தில் சொல்லப்படுபவற்றில் பெரும்பகுதி அந்தக் குழுவின் வழிவந்தது.

ஒரு துகளில் எத்தனை குறியீடுகள் ஏற்றலாம்?

ஒரு சைன் அலைக்கு ஓர் உச்சி. இரண்டு, மூன்று சைன் அலைகளைக் கூட்டி ஒரே மின்னோட்டமாக அனுப்பினால், ஒரே படலத்தில் இரண்டு, மூன்று உச்சிகள். தம்புராவின் நான்கு தந்திகளும் ஒன்றாக அதிர்ந்தாலும் காது தனித்தனியே பிரித்துக் கேட்பதுபோல, நிறமாலைமானி அவற்றைப் பிரித்துக் காட்டும். உச்சி இருந்தால் 1, இல்லாவிட்டால் 0 என்று வைத்தால், அதுவே பார்கோடு.

500 முதல் 900 நானோமீட்டர் வரை, 20 நானோமீட்டருக்கு ஓர் இடம் என்று ஒதுக்கினால் 20 இடங்கள். ஏட்டுக் கணக்கில் பத்து லட்சத்துக்கும் மேல் குறியீடுகள். இந்த எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒளிவிலகல் எண்ணை ஏற்றி இறக்கக் கிடைக்கும் வீச்சு ஓர் எல்லைக்குள்தான். அதைப் பத்து உச்சிகள் பங்குபோட்டால் ஒவ்வொன்றும் மெலிந்துபோகும். மெலிந்த உச்சியைப் படிக்க வேண்டுமானால் படலத்தைத் தடிமனாக்க வேண்டும். தடிமன் கூடினால் அமிலம் அடிவரை சீராக இறங்காது. என் பார்வையில் நான்கைந்து உச்சிகளோடு நிறுத்திக்கொள்வதே புத்திசாலித்தனம். சில நூறு குறியீடுகளுக்கு மேல் தேவைப்படும் சோதனைகள் குறைவு.

ஆவியை எப்படி உணர்கிறது?

பச்சையாக மின்னும் ஒரு படலத்தின் மேல் ஒரு சொட்டு எத்தனால் விட்டுப் பாருங்கள். சொட்டு பரவிய இடம் சட்டென்று சிவப்பாகும். ஓரத்திலிருந்து உலர உலரச் சிவப்பு சுருங்கிக்கொண்டே வந்து, கடைசியில் மறுபடி முழுப்பச்சை. துளையிலிருந்த காற்றை, ஒளிவிலகல் எண் 1.36 உள்ள திரவம் வெளியேற்றியது. உலர்ந்ததும் காற்று திரும்பியது. அவ்வளவுதான் நடந்தது.

சொட்டு விடாமல் வெறும் ஆவியே போதுமா? போதும். சில நானோமீட்டர் அகலமுள்ள துளைக்குள் ஆவி, வெளியில் திரவமாகும் அழுத்தத்துக்கு வெகு முன்பே திரவமாகிவிடும். துளை குறுகக் குறுக இது இன்னும் சீக்கிரம் நடக்கும். காற்றில் நீர்த்துக் கிடக்கும் ஆவியைத் துகள் தனக்குள் இழுத்துச் செறிவாக்கிக்கொள்கிறது என்று சொல்லலாம். ஒரு கிராம் துகளின் உட்பரப்பு நூற்றுக்கணக்கான சதுர மீட்டர் என்பதும் துணைக்கு வருகிறது.

எந்த ஆவி என்று அதற்குத் தெரியுமா?

தெரியாது. இதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். எத்தனாலும் அசிட்டோனும் இரண்டுமே உச்சியைச் சிவப்புப் பக்கம் தள்ளும். ஒற்றைத் துகளை வைத்துக்கொண்டு இது இன்ன வாயு என்று அடித்துச் சொல்ல முடியாது.

வழிகள் இரண்டு. ஒன்று, கூட்டம். நீரை விரும்பும் பரப்புள்ள துகள், எண்ணெயை விரும்பும் துகள், பரப்பில் கார்பன் ஏற்றிய துகள் எனப் பல வகைகளைக் கலந்து, ஒவ்வொரு வகைக்கும் ஒரு குறியீடு கொடுத்துவிடுவது. ஓர் ஆவி வந்தால் ஒவ்வொரு வகையும் வெவ்வேறு அளவு நகரும். அந்த நகர்வுகளின் கோலத்தை வைத்து ஆவியை ஊகிக்கலாம். குறியீடு உண்மையில் கைகொடுக்கும் இடம் இதுதான்: துகள்களை வரிசையாக ஒட்டி வைக்கத் தேவையில்லை, குவியலாகக் கொட்டினாலும் யார் யார் என்று நிறமே சொல்லிவிடும்.

இன்னொன்று, வேதிவினை. 2000இல் ஹாங்லே சோன், சைலர், வில்லியம் டிராக்லர் முதலியோர் செய்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது. சாரின் போன்ற நரம்பு நச்சுகளில் பாஸ்பரசும் ஃபுளோரினும் பிணைந்திருக்கும். அந்தப் பிணைப்பை உடைக்கும் தாமிர வினையூக்கியைத் துளைக்குள் வைத்தார்கள். அந்த வகைச் சேர்மம் உள்ளே வந்தால் உடைந்து ஹைட்ரஜன் ஃபுளோரைடு பிறக்கும். அது துளைச் சுவரிலுள்ள ஆக்சைடையே தின்னும். சுவர் மெலிந்து சராசரி ஒளிவிலகல் எண் குறைய, உச்சி நீலப் பக்கம் நகரும். சாதாரண ஆவிகள் சிவப்புப் பக்கம் தள்ளுகின்றன, காற்றோட்டம் வந்ததும் விட்டுவிடுகின்றன. இதுவோ எதிர்த்திசையில் நகர்ந்து, திரும்பாமல் நிற்கிறது. தவறான எச்சரிக்கை வர வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. துகளே கரைந்து சாட்சி சொல்லும் ஏற்பாடு.

சென்னை மாதிரி ஈரக்காற்றில் இது வேலை செய்யுமா?

பரப்பு ஆக்சைடாக இருந்தால் ஈரப்பதமே முதலில் உள்ளே போய் உட்காரும். பக்கத்தில் நின்று மூச்சு விட்டாலே உச்சி நகரும். பரப்பை நீர் ஒட்டாததாக மாற்றுவது கட்டாயம். நீண்ட ஹைட்ரோகார்பன் சங்கிலிகளைச் சிலிக்கானோடு பிணைப்பது ஒரு முறை. அசிட்டிலீன் வாயுவில் சூடாக்கிப் பரப்பில் கார்பன் ஏற்றுவது இன்னொன்று. பின்லாந்தின் துர்க்குப் பல்கலைக்கழகத்தார் வளர்த்தது.

இந்தச் சிகிச்சைகளுக்கு வேறொரு பயனும் உண்டு. புதிதாக அரித்த சிலிக்கானை அப்படியே காற்றில் வைத்தால், நாட்போக்கில் தானாக ஆக்சைடாகி உச்சி மெல்ல நீலப் பக்கம் ஊர்ந்துகொண்டே இருக்கும், ஏனெனில் சிலிக்கானின் ஒளிவிலகல் எண் 3.5ஐ ஒட்டியது, ஆக்சைடினுடையது 1.46 மட்டும். அளக்கப் பார்ப்பது ஓரிரு நானோமீட்டர் என்றால், இந்த ஊர்தல் அதை விழுங்கிவிடும்.

புரதம், நோய்க்கிருமி போன்றவற்றை உணர என்ன செய்கிறார்கள்?

முதலில் துளையைப் பெரிதாக்க வேண்டும். ஓர் ஆன்டிபாடியின் அளவு பத்து நானோமீட்டரைத் தொடும். ஆவிக்குப் போதுமான துளையில் அது நுழையாது, நுழைந்தாலும் அடைத்துக்கொள்ளும். பிறகு நீரில் கரையாதபடி பரப்பை ஆக்சைடாக்கி, அதில் தூண்டில் மூலக்கூறைப் பிணைப்பார்கள். 1999இல் சைலர் குழு புரோட்டீன் ஏ என்ற புரதத்தைத் துளைச் சுவரில் பிணைத்தது. இம்யூனோகுளோபுலின் (ஆன்டிபாடியின் வேதிப்பெயர்) வந்து அதைப் பற்றியதும் சமிக்ஞை ஏறியது. அமிலத்தால் கழுவியதும் விட்டு விலகி, சமிக்ஞை பழைய இடத்துக்கு வந்தது. அடையாளச் சாயம் எதுவும் இல்லாமல் பிடித்ததையும் விட்டதையும் பார்க்க முடிந்தது.

பாக்டீரியா துளைக்குள் போகாது, அளவு மைக்ரோமீட்டரில். அதற்கு மறைமுக வழிதான்: அது சுரக்கும் நொதி துளையின் மூடியைக் கரைக்கும்படி செய்வது போன்றவை.

குறியீடும் நிறம், சேதியும் நிறம். ஒன்றை ஒன்று குழப்பாதா?

இந்தப் பக்கத்தில் மிக முக்கியமான கேள்வி இதுவே. 600இல் உச்சி உள்ள துகள் ஆவியால் 620க்குப் போனால், அது நகர்ந்த 600ஆ, நகராத 620ஆ? துகள்களை வெறும் பட்டியலிலுள்ள நிறங்களாகப் பார்த்தால் விடை கிடையாது. இதைச் சமாளிக்காமல் பல லட்சம் குறியீடுகள் என்று பேசுவது விளம்பரம்தான்.

நடைமுறையில் மூன்று விதமாகச் சமாளிக்கிறார்கள்.

எளியது, வேலையைப் பிரித்துவிடுவது. 2002இல் வந்த குறியீட்டுத் துகள்களில் அப்படித்தான். துகள் யார் என்பதை உச்சி சொல்லும். பிடிபட்டதா இல்லையா என்பதை, மூலக்கூறில் ஒட்டிய ஒளிரும் சாயம் சொல்லும். எல்லாத் துகளும் ஒரே திரவத்தில் ஊறியிருப்பதால் எல்லா உச்சிகளும் ஏறத்தாழ ஒன்றாகவே நகர்ந்திருக்கும், குறியீடு கலையாது. இங்கே சாயம் தேவைப்படுகிறது, ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே சாயம் போதும்.

இரண்டாவது, கோலத்தைப் படிப்பது. பல உச்சிகள் உள்ள துகளில், ஆவி துளைகளைச் சீராக நிரப்பினால் எல்லா உச்சிகளும் ஒரே விகிதத்தில் நகரும். 550, 660 என்ற இரண்டு உச்சிகளின் விகிதம் 1.2. இரண்டும் 2 சதவீதம் நகர்ந்து 561, 673.2 ஆனாலும் விகிதம் அதே 1.2. விகிதத்தில் குறியீடு, மொத்த நகர்வில் சேதி. காகிதத்தில் இது மிகச் சுத்தமாக இருக்கிறது. விகிதங்கள் தனித்துவமாக இருக்கும்படி தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதால் கையில் இருக்கும் குறியீடுகளின் எண்ணிக்கை பெரிதும் குறைந்துவிடும். அந்த விலையைக் கொடுக்கலாம்.

மூன்றாவது, ஒரு பகுதியைச் சாட்சியாக வைப்பது. 2005இல் கிளாடியா பகோல்ஸ்கி, சைலர், கூனின் உள்ளிட்டோர் காட்டிய இரட்டை அடுக்கு இதற்கு முன்மாதிரி. மேலடுக்கில் பெரிய துளை, கீழடுக்கில் புரதம் நுழைய முடியாத சிறிய துளை. உப்பின் செறிவோ வெப்பமோ மாறினால் இரண்டு அடுக்குகளும் நகரும். புரதம் வந்தால் மேலடுக்கு மட்டும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் மிஞ்சுவது புரதம். குறியீட்டுக்கும் இதே தந்திரம் பொருந்தும்: துளைகளைப் பாலிமரால் அடைத்துவிட்ட பகுதியில் குறியீடு, திறந்த பகுதியில் உணர்வு.

துகள் சாய்ந்து கிடந்தால் நிறம் மாறாதா?

மாறும், அடுக்கு நிறங்கள் எல்லாமே கோணத்தோடு நீலப் பக்கம் போகும். ஆனால் ஒளியை அனுப்புவதும் பெறுவதும் ஒரே அச்சில் இருந்தால், நமக்கு நேராக முகம் காட்டும் துகளின் ஒளிதான் திரும்பி வரும். சாய்ந்து கிடப்பது வேறெங்கோ அனுப்பிவிட்டு நமக்கு இருட்டாகத் தெரியும். தப்பான நிறம் காட்டுவதைவிட நிறமே காட்டாமல் இருப்பது எவ்வளவோ மேல். நுண்ணோக்கியில் இந்த அமைப்பு தானாகவே அமைந்துவிடுகிறது.

'ஸ்மார்ட் டஸ்ட்' என்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

பெயர் ஒன்று, பொருள் இரண்டு. 1990களின் இறுதியில் பெர்க்லியில் கிரிஸ் பிஸ்டர் அந்தப் பெயரில் பேசியது பேட்டரி, சென்சார், தொடர்புக் கருவி எல்லாம் அடங்கிய மின்னணுத் துகள். சிலிக்கான் துகளில் அதெல்லாம் இல்லை. நாம் ஒளி பாய்ச்சினால்தான் பேசும். பேட்டரி தீரும் கவலை இல்லை என்பது நல்லதுதான். ஆனால் யாரும் ஒளி பாய்ச்சாத இடத்தில் கிடந்தால் அது சும்மா தூசிதான். 2002இல் சுமார் 20 மீட்டர் தூரத்திலிருந்து ஆவியால் நேர்ந்த நகர்வைப் படித்துக் காட்டியபோது பத்திரிகைகளில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கொஞ்சம் மிகையான பெயர் என்றே சொல்வேன்.

அந்தப் பெயருக்கு ஓரளவு நியாயம் செய்தது 2003இல் ஜேமி லிங்க், சைலர் இருவரின் வேலை. ஒரு பக்கம் பச்சையும் நீரை வெறுக்கும் பரப்பும், மறுபக்கம் சிவப்பும் நீரை விரும்பும் பரப்பும் கொண்ட இருமுகத் துகள்கள். நீரில் ஓர் எண்ணெய்ச் சொட்டு இருந்தால் துகள்கள் தாமாகவே போய் அதைச் சூழ்ந்து, பச்சை முகம் எண்ணெயையும் சிவப்பு முகம் நீரையும் பார்க்கும்படி நின்றுகொள்ளும். தனித்தனியாகக் கண்ணுக்குப் படாத துகள்கள் கூடி நின்றதும் சொட்டே சிவப்பாகத் தெரியும். எண்ணெய் துளைக்குள் ஊறியதும் அந்தப் பக்க நிறம் நகர்ந்து, உள்ளே என்ன இருக்கிறது என்பதற்குத் துப்பும் கிடைக்கும். அடுத்த ஆண்டே துளைக்குள் காந்த இரும்பு ஆக்சைடைச் சேர்த்து, சொட்டைக் காந்தத்தால் இழுத்துக்கொண்டு போகவும் செய்தார்கள்.

ஏற்கெனவே சாய மணிகள் இருக்கும்போது இது எதற்கு?

நியாயமான கேள்வி. லூமினெக்ஸ் நிறுவனத்தின் பாலிஸ்டைரீன் மணிகள் 5.6 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள ஒழுங்கான உருண்டைகள். இரண்டு சாயங்களை வெவ்வேறு விகிதத்தில் ஏற்றி 100 வகை. மூன்றாவது சாயம் சேர்ந்ததும் 500 வகை. அவற்றை ஓடும் திரவத்தில் வரிசையாக விட்டு லேசரால் மின்னல் வேகத்தில் படிக்கலாம். ஒழுங்கற்ற தட்டைச் சில்லுகளான சிலிக்கான் துகள்களை அப்படி ஓட்ட முடியாது. ரத்த மாதிரியில் பல புரதங்களை ஒரே சமயத்தில் அளக்கும் ஆய்வகப் பரிசோதனையில் சாய மணிகள்தான் ஜெயித்தன. அதில் மறுபேச்சு இல்லை.

சிலிக்கான் துகளின் இடம் வேறு. சாய மணியின் நிறம் சூழலைப் பற்றி எதுவும் சொல்லாது, இது சொல்லும். எனவே காற்றையும் ஆவியையும் இருந்த இடத்திலேயே கண்காணிக்கும் வேலைக்கு இது பொருத்தம். நல்ல உதாரணம் 2007இல் சைலர் குழு செய்தது. நச்சு ஆவியிலிருந்து காக்கும் முகமூடியின் வடிப்பானில் செறிவூட்டிய கரி இருக்கும். கரி நிறைந்துவிட்டால் ஆவி கசியும். அணிந்திருப்பவருக்கு அது வாசனையாகத் தெரியும்போது காலம் கடந்திருக்கலாம், வாசனையற்ற ஆவி என்றால் தெரியவே தெரியாது. நுண்துளை சிலிக்கான் துண்டை ஒளியிழையின் நுனியில் ஒட்டிக் கரிப் படுகைக்குள் புதைத்தார்கள். ஆவி அந்த ஆழத்துக்கு வந்ததும் உச்சி நகர்ந்து காட்டிக்கொடுத்தது. மின்சாரம் உள்ளே போவதில்லை, தீப்பொறிக்கு இடமில்லை, இடமும் அடைப்பதில்லை.

உடம்புக்குள் போனால் ஆபத்தா?

நுண்துளை சிலிக்கான் உடல் திரவத்தில் கரைந்து சிலிசிக் அமிலமாகும். அது சிறுநீரில் வெளியேறும். 1995இல் கான்ஹம் இதன் உயிரியல் இணக்கத்தைக் காட்டிய பிறகு மருந்து ஏற்றிச் செல்லும் ஆய்வுகள் தனிக் கிளையாகவே வளர்ந்துவிட்டன. ஆனால் உலர்ந்த நுண்தூசியை மூச்சில் இழுப்பது வேறு விஷயம். அதற்கு முகக்கவசம் அவசியம்.

எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் செய்து பார்க்கலாமா?

அரிப்பு வேலையை, உரிய ஏற்பாடு இல்லாமல் செய்யவே கூடாது. ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் மற்ற அமிலங்களைப் போல உடனே சுட்டு எச்சரிக்காது. நீர்த்த அமிலம் தோலில் பட்டால் மணிக்கணக்கில் வலி தெரியாமல் உள்ளே இறங்கி, ரத்தத்திலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். இதயம் நின்றுபோகும் அளவுக்குக்கூட இட்டுச்செல்லும். புகைபோக்கி, உரிய கையுறை, கைக்கெட்டும் தூரத்தில் கால்சியம் குளுக்கோனேட் களிம்பு, தனியாக வேலை செய்யாத கட்டுப்பாடு, பக்கத்து மருத்துவமனைக்கு முன்கூட்டியே தகவல் இவை அனைத்தும் இருந்தால் மட்டுமே. கண்ணாடிப் பாத்திரமும் கூடாது. அமிலம் கண்ணாடியையே தின்றுவிடும்.

அமிலம் இல்லாமல் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. ஒவ்வோர் அடுக்கையும் இரண்டுக்கு இரண்டு அணியாக (மேட்ரிக்ஸ்) எழுதிப் பெருக்கிக்கொண்டே போனால், எந்த மின்னோட்டக் கோலம் எந்த நிறமாலையைத் தரும் என்று கணினியில் முன்கூட்டியே பார்த்துவிடலாம். பைத்தானில் நூறு வரிக்குள் அடங்கும் நிரல். சைன் அலைகளைக் கூட்டி உச்சிகள் எப்படி மெலிகின்றன என்று பாருங்கள். பிறகு ஒளிவிலகல் எண்ணைச் சீராகக் கொஞ்சம் ஏற்றி, மேலே சொன்ன 1.2 விகிதம் கடைசிவரை நிற்கிறதா என்று சோதியுங்கள். சிலிக்கானின் ஒளிவிலகல் எண் நீலப் பக்கம் போகப்போக உயரும் என்பதையும் நிரலில் சேர்த்தால், விகிதம் சற்றுப் பிசகத் தொடங்கும். எவ்வளவு பிசகு வரை குறியீட்டைத் தவறில்லாமல் படிக்க முடியும் என்பது ஒரு முதுகலைத் திட்டத்துக்குப் போதுமான கேள்வி.